சுற்றிப் போட்ட உப்பு

கெட்டிமேளம் கேட்டதும் மண்டபத்தில் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். என்னோடு சேர்ந்து எழ வேண்டிய ரத்தம் மட்டும் எழவில்லை. கண் இருட்டியது, காதில் நாதஸ்வரம் எங்கோ திருப்பரங்குன்றத்தில் கேட்பதுபோல் தள்ளிப் போனது. மணமக்கள் தலையில் விழ வேண்டிய அட்சதை வீடியோக்காரர் கழுத்துக்குள் விழுந்தது. நான் பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் விழுந்தேன். முன்பின் தெரியாத மனிதர். மடியில் கிடந்தவனைக் குனிந்து பார்த்து, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று விசாரித்தார். மதுரையில் மடியில் விழுந்தாலும் மரியாதை குறையாது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மூன்று வாரத்தில் நான் கையால் தொட்ட முதல் அரிசி அந்த அட்சதைதான்.

காரணம், என் மனைவியின் அண்ணன். மச்சான் 14 கிலோ இறங்கியவர். எடை இறங்கிய மனிதர் சும்மா இருக்க மாட்டார். அந்த 14 கிலோவும் உபதேசமாக மாறிப் பார்ப்பவர் தலையில் எல்லாம் ஏறும். நான் அப்போது 84 கிலோ. போதாக்குறைக்கு பிபி மாத்திரை வேறு. ஏறுவதற்கு இதைவிடத் தோதான தலை அவருக்குக் கிடைக்காது.

"மாப்ள, கீட்டோ. ஆறே மாசம். சட்டையெல்லாம் புதுசா வாங்கணும், அந்தச் செலவுக்கு மட்டும் ரெடியா இரு."

விஷயம் இவ்வளவுதான். சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை எல்லாவற்றையும் விலக்கி, மாவுச்சத்தை நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கிவிட வேண்டும். ஒரு கப் சோற்றிலேயே ஏறத்தாழ 45 கிராம் போய்விடும் என்பதால் சோற்றை மறந்துவிடலாம். சர்க்கரை வரத்து நின்றதும் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற சரக்கைத் தயாரித்து மூளைக்கு அனுப்பிவைக்கும். நம் ஊரில் நூறு பாதாமை எண்ணித் தின்ன வைத்துப் புகழ்பெற்ற பேலியோ பத்தியம் இதற்குப் பங்காளி முறை. மச்சான் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி எனக்குப் பரிமாறினார்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க வரலாறு சொன்னார். 1921-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்காக இந்தச் சாப்பாட்டு முறையை முன்வைத்தார். அதற்கும் முன்னால், 1863-லேயே லண்டனில் வில்லியம் பேன்டிங் என்பவர் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சர்க்கரையையும் விட்டு உடம்பைக் குறைத்து, அதை ஒரு சிறு புத்தகமாகவே போட்டார்.

"அவரு டாக்டராப்பா?" என்றார் அம்மா.

"இல்லத்தே. இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு பண்ணிக் குடுக்குறவரு."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "பாடை கட்டுறவன் சொன்ன பத்தியத்தை எம் புள்ளைக்குக் கொண்டாந்திருக்கியா?"

ஆனாலும் ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது. எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி இறங்கி ஏறினேன். தெருவில் நடக்கையில் வயிற்றை உள்ளே இழுக்காமலேயே நடந்தேன். அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி வெறும் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. தின்ற சர்க்கரையில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜன் என்று மூட்டை கட்டி ஈரலிலும் தசையிலும் வைத்திருக்கிறது. மொத்தம் அரை கிலோ தேறலாம். ஆனால் ஒரு கிராம் மூட்டைக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் காவல் நிற்கிறது. மூட்டை காலியானால் காவலுக்கு என்ன வேலை? மொத்தமும் பாத்ரூம் வழியாக வெளியேறிவிடும். நான் கொண்டாடியது கொழுப்பு கரைந்ததை அல்ல, குடம் கவிழ்ந்ததை.

இரண்டாம் வாரத்தில் உபாதைகள் வரிசைகட்டி வந்தன. வாயில் ஒரு வாடை. "அப்பா, நெயில் பாலிஷ் ரிமூவர் குடிச்சியா?" என்றாள் மகள். அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. கீட்டோனில் ஒரு வகை அசிட்டோன். ரிமூவரில் இருப்பதும் அதுவே. இரவு இரண்டு மணிக்குக் கெண்டைக்காலில் குரக்குவலி இழுத்துப் பிடிக்கும். கட்டிலைச் சுற்றி நொண்டியாட்டம் ஆடுவேன். காலைக்கடன் என்பது அசலும் வட்டியும் கட்டாத கடனாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கிறுகிறுப்பு. உட்கார்ந்தால் இல்லை, படுத்தால் இல்லை, நடந்தால்கூட இல்லை. எழுந்தால் மட்டும் வரும்.

கல்யாணத்தில் விழுந்த அன்று வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"பசிங்க," என்றாள் மனைவி. "வேற ஒண்ணுமில்ல. ரெண்டு இட்லி தின்னா சரியாப்போகும்."

"கீட்டோ ஃப்ளூ," என்றார் மச்சான். "பாடி பழகுது மாப்ள. ஒரு வாரம் பொறு." இதையே போன வாரமும் சொல்லியிருந்தார்.

"சுகர் இறங்கியிருக்கும்," என்றார் எதிர்வீட்டுக்காரர். தன் மெஷினைக் கொண்டுவந்து விரலில் குத்தினார். 84. எடை விட்ட எண்ணைச் சர்க்கரை பிடித்துக்கொண்டதே தவிர, அதில் குறை ஒன்றுமில்லை. ஆபீஸ் நண்பர் போனிலேயே காதுக் கோளாறு என்று முடிவுகட்டினார்.

அம்மா மட்டும் பேசவே இல்லை. சமையலறைக்குப் போனார். வலது கையில் ஒரு பிடி கல் உப்பு, நாலு வரமிளகாய். "கிழக்க பாத்து உக்காருடா." இடமாக மூன்று சுற்று, வலமாக மூன்று சுற்று. "ஊரு கண்ணு, உறவு கண்ணு, கல்யாணத்துக்கு வந்த கண்ணு." அடுப்பில் போட்டதும் உப்பு படபடவென்று வெடித்தது. "பாத்தியா, எவ்வளவு கண்ணு! ஒரே மாசத்துல இளைச்சா சும்மா விடுவானுங்களா?"

நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவன். கண்ணேற்றை நம்புவதைவிட நோட்டை நம்புவது எனக்குச் சுலபம். இருபத்தாறு வருஷமாக, கணக்கு இடித்தால் பதிவுகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துப் பழக்கம். அதே மாதிரி ஒரு நோட்டு போட்டேன். தின்றது என்ன, எத்தனை மணிக்கு, கிறுகிறுப்பு எப்போது என்று பத்தி பிரித்து எழுதினேன். முதல் இரண்டு நாள் பாதாமை நிறுத்தினேன், கிறுகிறுப்பு நிற்கவில்லை. அடுத்த இரண்டு நாள் வெண்ணெய் போட்ட காபியை நிறுத்தினேன். காபி மேல் இருந்த வெறுப்பு போனது, கிறுகிறுப்பு போகவில்லை. தண்ணீர் குறைவோ என்று நாளுக்கு ஐந்து லிட்டர் குடித்தேன். கிறுகிறுப்பு கூடியது, பாத்ரூமுக்கு எழ வேண்டிய தடவையும் கூடியது, எழுந்தால்தானே கிறுகிறுப்பு! இப்படி நோயும் மருந்தும் கைகோத்துக்கொண்டு என்னை ராத்திரி முழுக்க நடத்தின.

கடைசியில் நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனேன். எழுபது வயதுக்காரர். அப்பாவுக்கும் அவர்தான் பார்த்தார். நோட்டைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். படுக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து பிபி பார்த்தார்: 116/74. "இப்ப எந்திரி." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே பார்த்தார்: 92/62.

"எந்திரிச்ச மூணு நிமிஷத்துக்குள்ள மேல உள்ளது 20 இறங்கினாலே கணக்குதான். உனக்கு 24 இறங்குது. காதும் இல்ல, கண்ணும் இல்ல. குழாய்ல தண்ணி இல்லப்பா." பிறகு கேட்டார்: "உப்பு எவ்வளவு சேத்துக்கிற?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதில் எனக்குப் பாராட்டே கிடைக்கும் என்று நினைத்தேன். "முட்டைக்குக்கூட பாதி உப்புதான் டாக்டர். பிபி ஆச்சே."

அவர் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் விளக்கியதை எங்கள் வீட்டு இலையில் வைத்தே யோசித்துப் பார்த்தேன். சோறு என்பது வெறும் மாவுச்சத்து அல்ல; உப்பை ஏற்றிவரும் லாரி. சோறு வந்தால் குழம்பு வரும், ரசம் வரும், மோர் வரும், ஊறுகாயும் அப்பளமும் தொற்றிக்கொண்டு வரும். இட்லி மாவிலேயே உப்பு கரைந்திருக்கிறது. லாரியை நிறுத்திய அன்றே அத்தனை உப்பும் நின்றுவிட்டது. தின்றதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதியவன், தின்னாமல் விட்டதை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. விட்டுப்போன பதிவைப் பதிந்த பதிவுகளுக்குள் தேடினால் கிடைக்குமா? ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் இப்படிச் செய்திருந்தால் நோட்டை மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

வரவு இப்படி. செலவு அதைவிட மோசம். மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலினும் குறையும். உப்பைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்கு இன்சுலின்தான் சொல்லிவைக்கிறது. அது குரலைத் தாழ்த்தியதும் சிறுநீரகம் கதவைத் திறந்து உப்பை விடுகிறது. உப்புக்குப் பின்னால் தண்ணீரும் போகிறது. உப்பில்லாமல் நான் குடித்த ஐந்து லிட்டர் உடம்பில் தங்கவே இல்லை, வந்த வேகத்திலேயே போய்விட்டது. போதாததற்கு என் பிபி மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கிற மருந்தும் கலந்திருந்தது.

"ஒரு குழாயை மாத்திரை தொறந்திருக்கு. இன்னொரு குழாயை நீ தொறந்த. தொட்டியை நிரப்புற குழாயை மட்டும் மூடிட்ட. இதுல மயக்கம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். மாத்திரை சாப்பிடுறவன் இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வரணும்ப்பா, விழுந்துட்டு வரக் கூடாது."

கலவை மாத்திரையை மாற்றி, அளவு குறைந்த தனி மாத்திரை எழுதினார். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார். அது சரியாக வந்த பிறகே, சாப்பாட்டில் முழு உப்பும், மாலையில் உப்பு போட்ட ஒரு டம்ளர் ஆட்டுக்கால் சூப்பும். ஊருக்கெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சோறு விட்டவன் கணக்கு வேறு என்றாலும், இதயமோ சிறுநீரகமோ கெட்டவர்கள் என்னைப் பார்த்து உப்பை அள்ளினால் வம்பு என்று எச்சரித்தார். குரக்குவலிக்கு மெடிக்கலில் பொட்டாசியம் கேட்டு வாங்கிவிடாதே, சில பிபி மாத்திரைகள் தாமாகவே பொட்டாசியத்தை ஏற்றும், கீரை தின்னு என்றார். கீரை அந்தக் காலைக்கடனையும் கொஞ்சம் அடைத்தது.

புறப்படும்போது, "உன் மச்சானுக்கு ஒண்ணு சொல்லு," என்றார். "சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களை அவர் இஷ்டத்துக்கு இதுல இறக்க வேணாம். சில மாத்திரையில சர்க்கரை தடால்னு இறங்கிடும். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரையில சர்க்கரை அளவு நல்லா இருக்குற மாதிரி காட்டும், ரத்தம் அமிலமாகி ஆளைச் சாய்ச்சிடும்." மச்சானிடம் சொன்னேன். அன்று ஒரு நாள் உபதேசம் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா முகத்தில் ஒரு பிரகாசம். "உப்புதான்னு நான் அன்னைக்கே எடுத்தேன்ல? உங்க டாக்டரு இப்ப சொல்றாரு." ஒன்றும் பதில் பேச முடியவில்லை. பஞ்சாயத்தில் உட்கார்ந்த அத்தனை பேரிலும் சரியான மருந்தைக் கையில் எடுத்தவர் அவர் ஒருவர்தான். தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். வாயில் போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

நாலு நாளில் எழுந்தால் எழுந்த இடத்தில் நிற்க முடிந்தது. இப்போது மதியம் மட்டும் ஒரு கரண்டி சோறு உண்டு. கீட்டோவுக்கு அது துரோகம், ரசத்துக்கு அது நியாயம். 79-ல் நிற்கிறது எடை.

போன வாரம் அந்தக் கல்யாண ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தில் நூறு கைகள் உயர்ந்திருக்கின்றன. மூன்றாம் வரிசையில் ஒரு கை மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு அந்தக் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார்.

"எங்கம்மா போற?"

"உப்பு எடுக்க."

"சூப்புக்கா, சுத்திப் போடவா?"

"ரெண்டுக்கும்தான்டா."