மூன்று நாள் கச்சேரி, முதல் நாளே மங்களம்

1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில். மதராஸும் மைசூரும் மோதின. கோப்பை பாட்டியாலா மகாராஜா கொடுத்தது. பெயர் முந்தின வருஷம் காலமான ரஞ்சித்சிங்ஜியுடையது. இரண்டு ராஜாக்கள் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

திருநெல்வேலியிலிருந்து யாராவது அல்வாப் பொட்டலத்தோடு ரயிலேறி, 'ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவோம், ஆட்டத்தைத் திங்கட்கிழமை பாத்துக்கிடலாம்' என்று இருந்திருந்தால் தீர்ந்தது கதை. மறுநாள் சேப்பாக்கத்தில் புல்லைத்தான் பார்த்திருக்க முடியும். "என்னவே, மூணு நாள் ஆட்டம்னுல்லா சொன்னாவ?" என்று கேட்கக்கூட அங்கே ஆள் இருந்திருக்காது.

எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். எதிரே மைசூரின் கர்ட்டிஸ். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. அடுத்து வந்த மதராஸ் என்ன, வெளுத்து வாங்கியதா? அதுவும் இல்லை, 130தான். ஆனால் மைசூருக்கு அதுவே மலை. மறுபடி வந்து 59க்குக் கடையைக் கட்டியது. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம். முப்பது விக்கெட், 237 ரன், எல்லாம் ஒரே பகலில். ஸ்கோர் எழுதியவர் பென்சிலைச் சீவக்கூட நேரமிருந்ததோ என்னவோ.

இத்தனைக்கும் காரணம் ஏ.ஜி. ராம்சிங். இடது கைச் சுழல். முதல் தடவை 19 ரன்னுக்கு 6, இரண்டாம் தடவை 16 ரன்னுக்கு 5. ஆக, 35 ரன்னுக்கு 11 விக்கெட். 'ஏ' என்றால் அமிர்தசரஸ். ஊர்ப்பேரை இனிஷியலில் தூக்கிக்கொண்டு திரிவதில் மனிதர் நம்ம ஆள்தான்! இவ்வளவு செய்தவரை ஒரு டெஸ்டுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். பேரன் அர்ஜன் 1988-89 சீசனில் கோவாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 அடித்தார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313. தமிழ்நாடு மொத்தம் 912. அதில் 52 ரன், கோவா மெதுவாகப் பந்து போட்டதற்காகக் கிடைத்த அபராதம். தாத்தா காலத்து அவசரம் கோவாக்காரர்களிடம் இல்லை.

கோபாலனின் கதை இன்னும் பரிதாபம். அவர் ஹாக்கியிலும் புலி. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று துவைத்துத் தங்கம் வாங்கியது. அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில், பேஸ்பால் மட்டையைத் தவிர வேறு மட்டை தெரியாத அமெரிக்காவை 24-1 என்று அடித்த தேசம் இது. ஒருதலைப்பட்சமான ஆட்டம் வேண்டுமென்றால் ஹாக்கிக்கே போயிருக்கலாம் மனிதர்.

நெல்லை சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். பார்த்துப் பழகிய இன்றைய பிள்ளைகளுக்கு 48, 59 எல்லாம் பவர்பிளே கணக்காகத்தான் தோன்றும். அவர்களுக்கு ஒரு தகவல்: 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான விஜய் ஹசாரே ஆட்டத்தில் தமிழ்நாட்டின் ஜெகதீசன் தனி ஆளாக, 141 பந்தில் 277 ரன் எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்ததைவிட 40 ரன் கூடுதல்.