விளக்குமாறு ஏந்திய தகவல் அறிவியலாளர்

ஆகஸ்ட் 12 வந்துவிட்டால் நூலகருக்கு ஒரு சால்வை நிச்சயம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் பிறந்தநாளான அன்றுதான் தேசிய நூலகர் நாள். மேடையேறும் பிரமுகர் மைக்கைப் பிடித்து முழங்குவார்: “நூலகர் இனி புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் மட்டுமல்ல, தகவல் யுகத்தின் வழிகாட்டி!” கைதட்டல் கூரையைப் பிளக்கும். விழா முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கப்போகிறவரும் அந்த வழிகாட்டிதான்.

பிரமுகர் பொய் சொல்லவில்லை. நூலகர் வேலை மாறித்தான் போயிருக்கிறது. ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். கணக்கு வாத்தியாராக இருந்த அந்த மனிதர், புத்தகம் அடுக்கும் வேலைக்குள் ஓர் அறிவியலையே கண்டெடுத்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1933-இல் கோலன் பகுப்பு முறை என்று உலகத்துக்கே பாடம் சொன்னார். அவருடைய வாரிசுகள் இன்று எம்.எல்.ஐ.எஸ். படித்துவிட்டு, அதாவது நூலகத்தோடு தகவல் அறிவியலையும் முதுகலையாகப் படித்துவிட்டு, வேலையில் சேருகிறார்கள். ஊரக நூலகத்தில் அந்தத் தகவல் அறிவியலாளருக்கு முதலில் கிடைக்கும் தொழில்நுட்பக் கருவி விளக்குமாறு.

பூட்டைத் திறப்பவர் அவர், பெருக்குபவர் அவர், ஒட்டடை அடிப்பவர் அவர். நாளிதழை விரித்துப் போட்டு, வருகைப் பதிவேட்டை நீட்டி, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்து, மாலையில் மறுபடி பூட்டுபவரும் அவரே. இத்தனைக்கும் நடுவில் புரவலர் சேர்க்க வேண்டும். ஊர்க் கடைக்காரர்களிடம் போய், “அண்ணாச்சி, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆகுங்க, பலகையில பேர் எழுதுறோம்” என்று பல்லைக் காட்ட வேண்டும். ரங்கநாதன் ஐந்து விதிகள்தான் எழுதினார். வசூல் என்ற ஆறாவது விதியைச் சேர்த்த பெருமை நமக்கு.

பணம் இல்லாமலா கையேந்துகிறார்கள்? அதுதான் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது இந்தச் சென்னை மாகாணத்தில்தான். அந்தச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. பத்தாயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர், அவர் வீட்டில் ஒருவர்கூடப் புத்தகம் தொடாவிட்டாலும், நூலகத்துக்கென்று ஆயிரம் ரூபாய் தனியாகக் கட்டுகிறார். உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூல் மட்டும் கச்சிதமாக நடக்கிறது. ஒப்படைப்பதில்தான் ஞாபக மறதி. சென்னை மாநகராட்சி தொடங்கி எத்தனையோ உள்ளாட்சிகள் நூலக வரியை நிலுவையில் வைத்திருப்பது பத்திரிகைகளில் வந்து வந்து சலித்துப்போன செய்தி. குடிமகன் வரி பாக்கி வைத்தால் ஜப்தி நோட்டீஸ் வரும். குடிமகன் கட்டிய வரியை உள்ளாட்சி பாக்கி வைத்தால் அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

புத்தகம் வாங்குவதிலாவது நூலகருக்கு வாயுண்டா? எந்த வாசகர் எதைத் தேடி வருகிறார், எந்தப் பெண் போட்டித் தேர்வுக்கு எந்த நூல் கிடைக்காமல் திரும்பிப் போகிறாள் என்று அறிந்த ஒரே ஆள் அவர். ஆனால் பல்லாண்டு காலம் பட்டியல் தயாரானது சென்னையில். விலை வைத்தது பக்கக் கணக்கில்; கவிதையும் சமையல் குறிப்பும் ஒரே தராசில் ஏறின. மூட்டை ஊருக்கு வந்ததும் அவிழ்த்து முத்திரை குத்துவது மட்டும் வழிகாட்டியின் உரிமை. இப்போது வெளிப்படையான இணையவழிக் கொள்முதல் என்கிறார்கள். நல்லது. கிளை நூலகரின் சொல் அந்த இணையத்தில் ஏறுகிறதா என்பதே கேள்வி.

கட்டடம் கட்டுவதில் மட்டும் நமக்கு நிகர் யாருமில்லை. ஓர் ஆட்சி 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தது. அடுத்த ஆட்சி மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தது. நடுவில் அந்த நூலக அரங்கில் கல்யாண வரவேற்புகூட நடந்தது. உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றிராவிட்டால் இன்று அங்கே புத்தகம் இருந்த இடத்தில் கட்டில்கள் இருந்திருக்கும். 2010-இல் ஆண்ட கட்சி மறுபடி வந்து 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தது. மகிழ்ச்சி. அதே கட்சி முன்பு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களை யாராவது போய்ப் பார்த்தீர்களா? எத்தனையோ ஊர்களில் பூட்டுத் துருப்பிடித்து, வாசலில் ஆடு கட்டியிருக்கிறார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. கதவையே திறக்காமல் அதை நிறைவேற்றிய ஒரே நாடு நம்முடையது.

நூலகர் எதற்கு, எல்லாம்தான் கைப்பேசியில் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சொல். இருக்கிறது ஐயா, எல்லாமே இருக்கிறது. திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள் நின்றுபோவதைப் பார்த்து நாசா வியந்த கதை இருக்கிறது. நமது தேசிய கீதத்துக்கு யுனெஸ்கோ முதல் பரிசு கொடுத்த கதை இருக்கிறது. இரண்டும் பச்சைப் பொய். படித்த பட்டதாரி மாமா காலை வணக்கத்தோடு சேர்த்து இவற்றைத்தான் குடும்பக் குழுவில் அனுப்புகிறார். இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்து, இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் சொல்கிறது. எது சான்று, எது சரடு என்று பிரித்துக் காட்டப் பயிற்சி பெற்ற தொழில்காரர் ஒருவர் இந்த நாட்டில் இருக்கிறார். அவர் கையில் ஏற்கெனவே வேறு கருவியைக் கொடுத்துவிட்டோம்.

இது வெறும் அலட்சியம் என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த வாசகன் யாருக்கும் லாபமில்லை. சால்வை மலிவு, நூலகர் செலவு.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை சொத்து வரி கட்டும்போது ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். பிறகு பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் உள்ளாட்சிக்கு ஒரு மனுப் போடுங்கள்: எங்களிடம் வசூலித்த நூலக வரியில் எவ்வளவை ஆணைக்குழுவுக்குக் கொடுத்தீர்கள், மீதி எங்கே? மனு எழுதத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் நூலகரைக் கேளுங்கள். எழுதித் தருவார். அதுதான் அவருடைய வேலை.