ஓர் எழுத்துக் குறைந்த கருணை

2020 மார்ச் 28-ஆம் தேதி, கொரோனா நிவாரணத்துக்காக பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில் மோசடிக்காரர்கள் மட்டும் விடுப்பு எடுக்கவில்லை. ஓரிரு நாட்களுக்குள் போலி யுபிஐ முகவரி தயார். அசல் 'பிஎம்கேர்ஸ்', நகல் 'பிஎம்கேர்'. கடைசி எழுத்து மட்டும் காணோம், பின்னால் அதே எஸ்பிஐ. டெல்லி போலீஸ் எச்சரித்தது. அந்த முகவரி முடக்கப்பட்டது.

ஒரே எழுத்தில் தொழில்! என்ன சிக்கனம்!

அமெரிக்கர்களுக்குச் சிக்கனம் தெரியாது. புற்றுநோயாளிகள் பெயரைச் சொல்லி 4 அறக்கட்டளைகள் 18.7 கோடி டாலரைச் சுருட்டியதாக, 2015-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. நன்கொடை போன இடங்கள்: கார், சொகுசுக் கப்பல் பயணம், கல்லூரிக் கட்டணம், துணை தேடும் இணையதளத்துக்குச் சந்தா. இதில் எது கீமோதெரபி என்று கேட்கக் கூடாது.

நம் கைபேசிக்கு வருவது எளிய வகை. ஒரு குழந்தையின் படம், ஆஸ்பத்திரிக் கட்டில், கியூஆர் கோடு, 'இன்று மாலைக்குள்' என்றொரு கெடு. படம் யாருடையதோ, கியூஆர் கோடு மட்டும் அனுப்பியவருடையது. பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். டிரஸ்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனிநபர் சிரித்தால், விரலை எடுத்துவிடலாம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டுப் பாருங்கள்: "மனிதாபிமானமே இல்லையா சார்?" என்று பாய்பவரிடம் ரசீதுப் புத்தகம் இருக்காது.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.