அசைந்தால்தான் காற்றா?

கேள்வி: பிள்ளைகள் லைட்டையும் ஃபேனையும் அணைக்காமலே வெளியே ஓடிவிடுகிறார்கள். ஆள் நடமாட்டம் அறிந்து தானே அணைக்கும் சென்சாரை வீடு முழுக்கப் பொருத்திவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மாடிப்படிக்கும் குளியலறைக்கும் தாராளமாகப் பொருத்துங்கள். படுக்கையறை ஃபேனுக்கு மட்டும் வேண்டாம். நள்ளிரவில் அது நின்றுபோய், குடும்பமே எழுந்து கையை ஆட்டிக் காற்று கேட்க வேண்டிவரும்!

கடைகளில் மலிவாகக் கிடைப்பது பிஐஆர் வகை. உடம்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் இடம் மாறுவதை அது உணர்கிறது, அவ்வளவுதான். அசையாமல் உட்கார்ந்து பாடம் படிக்கும் மகள், அதன் கணக்கில் வீட்டிலேயே இல்லை. கத்திரி வெயிலில் சுவரின் சூடும் உடம்பின் சூடும் நெருங்கிவிட்டால், நடந்து போகிறவரைக்கூடத் தவறவிடும். அதுவும் காற்று அதிகம் தேவைப்படும் நாளில்!

மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதையே கண்டுகொள்ளும் ரேடார் சென்சார்களும் வந்துவிட்டன. ஃபேனுக்கு அந்த வகைதான் பொருத்தம். ஆனால் சுழலும் இறக்கையையே ஆள் என்று நம்பி, காலி அறையில் விடிய விடிய ஓடவிடாத கோணத்தில் மாட்ட வேண்டும்.

கரண்ட் பில்தான் கவலை என்றால், 9 வாட் எல்இடி பல்பைத் துரத்தாதீர்கள். தலைக்கு மேல் சுற்றும் பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிறது. சுமார் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறுங்கள். பிள்ளைகள் மறந்தாலும் செலவு பாதிக்கும் கீழே. எதை மாட்டினாலும், கையால் போடும் ஸ்விட்ச் ஒன்றையும் வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் பிடிவாதமாக நில்லுங்கள்.