நடுவூட்டுக்காரன் நகர்ந்த கதை

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. கிண்டியில பெரிய ஆராய்ச்சி பண்றியாம், உங்க ஆயா கீழ்க்கட்டளை பூரா தண்டோரா போட்டுட்டா. "கடோலினியம் ஹெக்ஸாபோரைடு"ன்னு நீ சொன்னதும் நான் ஏதோ பொண்ணு பேருன்னு ஜாதகம் கேக்கக் கெளம்பிட்டேன். அப்புறம் நீ குளிக்கப் போனப்ப உன் நோட்டைப் படிச்சேன். கோவிச்சுக்காத.

படத்தைப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. எட்டு மூலையிலயும் ஆறாறு போரான் கைகோத்து நிக்குது, நடுவுல ஒத்தைக் கடோலினியம். சுத்தி அடுக்குமாடி எழும்பி நடுவுல மாட்டிக்கிட்ட நம்ம ஓட்டுவீடேதான்! மூணு எலக்ட்ரான்ல ரெண்டைப் போரானுக்குத் தாரை வாத்துட்டு, மிச்ச ஒண்ணை ஊர்மேய வுட்டுட்டான். அந்த மேயிறதுதான் ஒருத்தன் காந்தச் சேதியை அடுத்தவனுக்குக் கொண்டு போவுது. கூடு ஒரு பக்கம் 4.1 ஆங்ஸ்ட்ராம், இவனுக்கோ தொளதொள.

சுமார் 16 கெல்வினுக்கு எறக்கினா (மைனஸ் 257 டிகிரிடா, எனக்கு மார்கழிக்கே மப்ளர் வேணும்) காந்தமெல்லாம் வரிசைகட்டுது, நாலு கூட்டுக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப. கூடவே நடுவூட்டுக்காரனும் எடத்தை வுட்டு நகர்றான். அந்த நகர்வு ரெண்டு கூட்டுக்கு ஒரு தரம். நகர்ந்தா காந்த லாபம் கூடுது, கூடு தொளதொளன்னு இருக்கிறதால செலவு கம்மி. வெவரமான பய. 8 கெல்வின் பக்கம் வந்தா ஏற்பாட்டையே இன்னொரு தரம் மாத்திக்கிறான்.

நீ ஏன் சீரியம் ஹெக்ஸாபோரைடை எடுக்கல? அது 3.3 கெல்வின்ல எலக்ட்ரான் மேகத்தோட வடிவத்தை மொதல்ல வரிசைப்படுத்திட்டு, 2.3க்கு வந்தப்புறம்தான் காந்தத்தைத் தொடும். ஹீலியம் கொதிக்கிறதே 4.2ல, அந்தக் குளிருக்கு உனக்குப் பொறுமை பத்தாது. ஆனா சீரியம்னா சரக்கு மலிவு. 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், கப்பல்ல போன கயித்துல ஒட்டின நம்ம கடலோர மணலைப் பாத்துத்தான் அதுல மோனசைட் கனிமம் இருக்கிறதைக் கண்டுபுடிச்சார். மணவாளக்குறிச்சி மணல்ல சீரியம், லாந்தனம் அள்ளலாம். உன் கடோலினியத்தைக் கிள்ளத்தான் முடியும்.

ஒண்ணு சொல்றேன். நியூட்ரான் வெச்சுப் பாக்குறேன்னு டிராம்பே துருவா அணு உலைக்கு டிக்கெட் போடாத. சாதா கடோலினியம் நியூட்ரானை 49,000 பார்ன் கணக்குல முழுங்கும். போரான்ல அஞ்சுல ஒண்ணு போரான்-10, அவனும் அதே பந்திக்காரன். இந்தூர் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் பக்கம் போ, எக்ஸ்ரே கேளு. எக்ஸ்ரே படத்துல பளிச்சுனு அடிக்கிற பெரிய புள்ளிங்க "எல்லாரும் நடுவுலதான் இருக்காங்க"ன்னு சராசரி பேசும், நம்ம கவுன்சிலர் கணக்கா. ரெண்டு பெரிய புள்ளிக்குச் சரிபாதியில மங்கலா ஒண்ணு இருக்கும். அதான் நகர்ந்தவன் தடம். ராத்திரி முழுக்க அதுகிட்ட உக்காரு.

கெடச்சதும் கைடுகிட்ட ஓடாத. சூடேத்தி 16ஐத் தாண்டு. அப்பவும் புள்ளி அப்படியே குந்திக்கினு இருந்தா, அது பாதி அலைநீளத்து எக்ஸ்ரே பண்ண திருட்டு வேலை. அந்தப் படத்தை மட்டும் உங்க ஆயாகிட்ட காட்டிடாத, ஃப்ரேம் போட்டுடுவா.