பழைய வீட்டுக்காரர்

பள்ளிப்பட்டில் வீடு வாங்குகிறவர் கிரயம் முடித்துப் பட்டா மாற்றலாம், கரண்ட் சர்வீஸையும் தன் பேருக்குக் கொண்டு வரலாம். ஆனால் வீட்டுக்கு ஊர் வைத்த பேரை அவரால் மாற்ற முடியாது. முப்பது வருஷம் வரி கட்டியிருப்பார், மாடி கட்டியிருப்பார், வாசலில் கிரானைட்டில் பேர் செதுக்கியிருப்பார். சிலிண்டர் போட வருகிற பையன் தெருமுனையில் கேட்டால் பதில் ஒன்றுதான்: "வாத்தியார் வூடா? நேரா போயி ரைட்டு." வாத்தியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர் மகன் வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு அம்பத்தூர் பக்கம் அடுக்குமாடிக்குப் போய்விட்டார். இருந்தாலும் இன்று அங்கே குடியிருப்பவர் வாத்தியார் வீட்டில் இருப்பவர், அவ்வளவுதான்.

அந்த மகன் ஒருநாள் வீட்டைப் பார்க்க வருவார். அவர்தான் பழைய வீட்டுக்காரர்.

அவர் வருவதற்கென்று பருவங்கள் உண்டு. ஆடிக் கிருத்திகை ஒன்று. டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில் நடக்கும் படித்திருவிழா இன்னொன்று. 365 படியும் ஏறி முருகனைப் பார்த்த கையோடு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நம்ம வீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று காரைப் பள்ளிப்பட்டுக்குத் திருப்பச் சொல்வார். 'நம்ம வீடு' என்று சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் இதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார்.

காரை விட்டு இறங்கியவர் நேராக வாசலுக்கு வரமாட்டார். எதிர்ச் சாரியில் நின்று, இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து வீட்டை மேலும் கீழும் பார்ப்பார். உள்ளே இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு வயிறு கலங்கும். ரோடு அகலப்படுத்த அளவெடுக்க வந்திருக்கிறார்களா, பேங்கிலிருந்து வந்திருக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டே வெளியே வருவார்.

"யாரு சார் வேணும்?"

"யாரும் வேணாம்மா. வீட்டத்தான் பார்க்க வந்தேன். நான் இங்க பொறந்தவன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? "ரண்டி, உள்ள வாங்க" என்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்லையோர ஊர் என்பதால் வரவேற்பு ரெண்டு பாஷையிலும் கிடைக்கும். அவர் அதற்குள் செருப்பைக் கழற்றியிருப்பார். நிலைப்படியில் தலையைக் குனிந்து நுழைவார். புது வாசல் ஏழடி உயரம். குனிந்தது பழைய வாசலுக்காக.

உள்ளே போனதும் ஆய்வு ஆரம்பமாகும்.

"இங்க ஒரு திண்ணை இருந்துச்சே?"

"எடுத்துட்டோம் சார். ரோடு போட்டுப் போட்டு மேல ஏறிடுச்சி. மழை பேஞ்சா தண்ணி உள்ள வந்துச்சி."

"அடடா, என்னா திண்ணை! எங்க நைனா டியூஷன் எடுத்த திண்ணைம்மா அது."

கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். முகத்தில் சந்தேகம் படரும். "கூடத்தக் கொஞ்சம் கொறைச்சிட்டீங்களா?" என்பார். அவர் அந்தக் கூடத்தில் ஓடியபோது மூன்றடி உயரம். இப்போது ஐந்தே முக்கால். இடைப்பட்ட வளர்ச்சிக்கு வீட்டுக்காரம்மா என்ன செய்வார்? "அளவு பத்திரத்துலயே இருக்குது சார், நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க" என்று பவ்யமாகச் சொல்வார்.

அடுத்தது தறிக்குழி. வாத்தியாருக்கு முந்தின தலைமுறை நெசவு. இந்தப் பக்கத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று எந்தத் திசையில் போனாலும் காதில் விழுவது இன்றைக்கு விசைத்தறிச் சத்தம். கைத்தறிக் காலத்தில் நெசவு வீட்டின் முன்கூடத்துத் தரையில் ஒரு குழி இருக்கும். தாத்தா அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பலகையை மிதிப்பார். பழைய வீட்டுக்காரர் அந்தக் குழியைத் தேடி டைல்ஸ் தரையைக் காலால் தட்டிப் பார்ப்பார். தேடிய இடத்தில் ஃபிரிட்ஜ் நிற்கும். அதை அவர் பார்க்கும் பார்வையில் ஃபிரிட்ஜே கூசிப்போகும்.

"அத மூட எப்படிம்மா மனசு வந்துச்சி?"

இந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு ஆயா வந்து சேர்வார். தொண்ணூறை நெருங்கும் வயசு. கண் மங்கல், நாக்கு தெளிவு. "டேய், நீ வாத்தியார் மொவன் சளிமூக்கன்தானே? அந்தக் குழிய மூடுனது உங்க நைனாடா. நீ உள்ள வுழுந்து மண்டைய ஒடைச்சிக்கினியே, அன்னிக்கே மண்ணக் கொட்டிட்டாரு." சளிமூக்கன் இப்போது ஓய்வுபெற்ற முதுநிலை மேலாளர். கூட வந்த அவர் மகனும் மகளும் முதல் தடவையாக செல்போனிலிருந்து தலையைத் தூக்குவார்கள். அந்தப் பயணத்தில் அவர்களுக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

தோற்ற இடத்தில் நிற்காமல் அவர் சரித்திரத்துக்குத் தாவுவார். இதில் அவரை அசைக்க முடியாது, ஏனென்றால் சொல்வதெல்லாம் உண்மை. "எங்க தாத்தா ஒரே திண்ணையில உக்காந்துக்கினு எத்தனை ஊர் பார்த்தாரு தெரியுமா?" என்று விரல் மடக்குவார். தாத்தா பிறந்தபோது வட ஆற்காடு ஜில்லா. 1911-இல் சித்தூர் ஜில்லா. 1953-இல் ஆந்திர மாநிலம், 1956-இல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் திருத்தணி விநாயகமும் வடக்கெல்லைக்காகப் போராட, மத்தியஸ்தர் படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுகிறவர் அதிகம் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்க, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி காலையில் தாத்தா சென்னை மாநிலத்தில் கண் விழித்தார். ஜில்லா செங்கல்பட்டு ஆனது. 1997-இல் அதுவும் பிரிந்து திருவள்ளூர். திண்ணை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில், ஊர்வலத்தில் ம.பொ.சி.க்குப் பக்கத்தில் நடந்தவர் தன் தாத்தா என்று முடிப்பார். ஒவ்வொரு பழைய வீட்டுக்காரரின் தாத்தாவும் ம.பொ.சி.க்குப் பக்கத்தில்தான் நடந்திருக்கிறார். அத்தனை பேரும் நடந்திருந்தால் ம.பொ.சி.க்கு ரோட்டில் கால் வைக்க இடம் இருந்திருக்காது.

இவ்வளவு சொன்னவர், மாநிலம் மாறியதைப் பெருமையாகவும் ஜன்னல் மாறியதைத் துரோகமாகவும் பேசுவதுதான் வேடிக்கை. ஜில்லா எத்தனை தடவை வேண்டுமானாலும் நகரலாம், சமையற்கட்டு தென்கிழக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போகக் கூடாது.

பிறகு ஆறு. லவா, குசா என்று ராமாயணப் பேர் வைத்த ரெண்டு ஆறும் இந்தப் பக்கத்தில் சேர்ந்துதான் கொசஸ்தலை. "மணல் மேல படுத்து நட்சத்திரம் எண்ணுவோம். அந்த மணலெல்லாம் எங்கம்மா போச்சி?"

"உங்க ஊருக்குத்தான் சார் லாரியில வந்துச்சி" என்பார் வீட்டுக்காரம்மா, காபியை ஆற்றிக்கொண்டே. அம்பத்தூர் ஃபிளாட்டின் தூண்கள் எந்த ஆற்று மணலோ, யார் கண்டது? தண்ணீர் விஷயத்தில் சந்தேகமே இல்லை. கொசஸ்தலைத் தண்ணீர் பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-இல் ஏரி திறந்ததிலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற இடங்களில் அது ஒன்று. ஆற்றைப் பிரிந்துவிட்டேனே என்று உருகுகிறவர் குழாயைத் திறந்தால் போதும்.

மகள் நடுவில் ஒரு கேள்வி கேட்பாள். "அப்பா, அப்ப பாத்ரூம் எங்க இருந்துச்சு?" பழைய வீட்டுக்காரர் வாயடைத்து நிற்பது இந்த ஒரு கேள்விக்குத்தான். ஆற்றங்கரை அழகுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு உபயோகமும் இருந்தது.

இவருக்கு ஒரு தங்கை உண்டு. அவரும் வருவார், வேறு ஒரு நாள், பஸ்ஸில். அவர் எதையும் அளக்கமாட்டார். நேராகப் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல் இருக்கிறதா என்று பார்த்து, அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, "நல்லா வெச்சிருக்கம்மா வூட்ட" என்று சொல்லி, ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போய்விடுவார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1989-இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. வாத்தியார் மகள் அதற்கு முன்பே போனவர். வீட்டில் அதிகம் வேலை செய்தவர் அவர், விற்ற பணத்தில் பங்கு வாங்காதவரும் அவர். அதனால்தானோ என்னவோ அவரிடம் புகார் இல்லை.

அண்ணன் விஷயம் வேறு. காபி முடிந்து, நிலைப்படியைத் தடவி, மகனை விட்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, கண்கலங்கி, "இந்த வீட்ட வித்தது என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பும்மா" என்பார். இங்கேதான் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு யோசனை வரும்.

"சார், நாங்களும் குடுத்துடலாம்னுதான் இருக்கோம். பையன் ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்குப் போயிட்டான், எங்களையும் வரச் சொல்றான். நீங்கன்னா புரோக்கர்கூட வேணாம். நீங்களே எடுத்துக்குங்க."

ஒரு நிமிஷம் கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். மனைவி முதல் தடவையாக ஆர்வத்தோடு கணவர் முகத்தைப் பார்ப்பார்.

பழைய வீட்டுக்காரருக்கு அப்போதுதான் வீடு கண்ணில் படும். "தெரு ரொம்பக் குறுகலும்மா, கார் திரும்பாது" என்பார். கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலம் முழுகிவிடும், அவசரத்துக்கு எப்படிப் போவது என்பார். சற்று முன் நட்சத்திரம் எண்ணிய ஆறுதான் இது. ஊருக்கு ரயில் இல்லையே என்பார். பெரிய டாக்டரைப் பார்க்க எவ்வளவு தூரம் என்பார். வாஸ்துப்படி சமையற்கட்டு சரியில்லை என்பார். "பார்க்கலாம்மா, மூலப்பத்திரம் ஒரு காப்பி அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார்.

"அது உங்ககிட்டதானே சார் கேட்டுக்கினு இருக்கோம், இத்தனை வருஷமா?"

கார் கிளம்பும் வேகத்தைப் பார்த்தால் வந்த வேகம் ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மா வாசலில் நின்றபடி ஆயாவிடம் அலுத்துக்கொள்வார். "அவ்ளோ உருகுனாரே ஆயா, வாங்கிப்பாருன்னுல்ல நெனைச்சேன்."

ஆயா வெற்றிலையை மடித்து வாயில் போட்டபடி சொல்வார். "அடி போடி. வூடு வாங்க வர்றவன் இருக்கற செவுத்தத் தட்டிப் பார்த்துக் கொறை சொல்லுவான். இவன் இல்லாத திண்ணைய, இல்லாத குழிய, இல்லாத மணல இல்ல பேசினு இருந்தான்? இல்லாத வூட்டுக்கு எவனாச்சும் அட்வான்ஸ் குடுப்பானா?"