இலவச ஆலோசனையில் ஓடும் கார்

கார் பிரியர்கள் கூடினால் முதல் பேச்சு எஞ்சின் ஆயில்தான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கையேடு, பிளாஸ்டிக் உறை பிரியாமல் டாஷ்போர்டுக்குள் கிடக்கும். ஐயாயிரத்திலேயே மாற்றாதவர் வண்டிக்குத் துரோகி. டயருக்குக் காசு கொடுத்து நைட்ரஜன் அடிக்கச் சொல்வார்கள். சும்மா கிடைக்கும் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது.

அலாய் வீல் விஷயம் கொஞ்சம் நீளம். அதோடு பெரிய டயரும் மாட்டினால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. வேகத்தையும் தூரத்தையும் குறைத்தே காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டதாக உரிமையாளர் பதறுவார். உடனே அடுத்த ஆலோசனை வரும்: ஏர் ஃபில்டரை மாற்று.

முன்புறம் இரும்புக் கம்பி மாட்டுவது பாதுகாப்புக்காம். மோதலின்போது ஏர்பேக் சென்சாரையே அது குழப்பக்கூடும். 2017-இல் மத்திய அரசு அதைத் தடுக்கச் சொன்னது. அனுமதியற்ற மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் விழலாம். செக்போஸ்ட்டுக்கு முன்னால் எந்தச் சந்தில் திரும்புவது என்பதற்கும் ஆலோசனை தயார்.